நீர்வேலியில் மாறிய சைக்கிள்

முன்விறாந்தையில் இருந்தவர்கள்: ஐரிஸ், அவளுடைய தங்கை ஜெயந்தினி. கேற்றடியில் நின்றவன்: ஐரிஸின் கணவன் ஜோர்ஜ். பின்னறையில் நின்றவை: அவனுடைய மூன்று சைக்கிள்கள். அவன் கையில் பிடித்திருந்தது: ஐரிஸ் ஒருநாளும் கண்டிராத, கரும்பச்சை நிறத்து ரலி சைக்கிள்.

"உது ஆற்றை சைக்கிள்?" என்று ஐரிஸ் கேட்டாள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து கொழும்புத்துறை வீடு வரும்வரை மிதித்து மிதித்துச் செதுக்கிய பதிலை ஜோர்ஜ் சொன்னான்.

"ஆற்றை எண்டு தெரியேல்லை. செத்தவீட்டிலை மாறிப்போச்சு. வெளிக்கிடேக்கை பாத்தால் என்ரையைக் காணேல்லை. இதுதான் மிச்சமா நிண்டது."

"நீங்கள் பூட்டேல்லையோ?"

"செத்தவீட்டிலை ஆர் பூட்டுறது?"

"அத்தானுக்கு யோகம்தான்," என்றாள் ஜெயந்தினி. "என்ரை செருப்பு மாறினால் அறுந்த செருப்புத்தான் கிடைக்கும்."

வெள்ளிக்கிழமைச் செத்தவீடு உண்மை. கூட வேலை செய்யும் பொன்னம்பலத்தின் தகப்பன் நீர்வேலியில் செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் போனவர்கள் நேரே வீட்டுக்கு வந்து தலை முழுகுவார்கள். வேறு வாசல் மிதிக்கமாட்டார்கள். ஜோர்ஜ் வேதக்காரன், கிறிஸ்தவன். அவனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வழியில் இல்லாத திருநெல்வேலிக்குப் போய், பழைய சைக்கிள் விற்கும் கொலின்ஸின் கடையில் சும்மா ஒருக்கால் எட்டிப் பார்த்தான். சும்மா எட்டிப் பார்ப்பது அது ஒன்பதாவது தடவை. இந்தத் தடவை ரலியை வாங்கிவிட்டான். தான் ஓடிக்கொண்டு போன சைக்கிளை, "கொஞ்ச நாள் உங்கை நிக்கட்டும்" என்று கொலின்ஸிடமே விட்டுவிட்டு வந்தான்.

அவன் சைக்கிள் வாங்கக்கூடாது. ஜனவரி முதல் ஞாயிறில் மெதடிஸ்த தேவாலயத்தில் எல்லோரும் கடவுளோடு உடன்படிக்கை செய்வார்கள். அன்று வீட்டுக்கு வந்து ஜோர்ஜ் ஐரிஸோடும் ஒன்று செய்தான்: இனிச் சைக்கிள் இல்லை. அவள் கேட்டது சைக்கிளைப் பற்றியே அல்ல. "சொன்னால் சொன்னபடி நடக்கவேணும். எனக்கு அவ்வளவுதான்," என்றாள். அவளுடைய தகப்பன் சொன்ன எதையும் செய்யாத மனிதர். ஜோர்ஜ் வேறு ஆள் என்று நம்பித்தான் அவனைக் கட்டினாள்.

அப்படியிருந்தும் ஏன் வாங்கினான்? சொந்தச் சைக்கிள் எண்ணெய் கேட்கும், காற்றுக் கேட்கும். வாங்காத சைக்கிள் ஒன்றும் கேட்காது. ஏறினால் வேறொருவனாக இறங்கலாம் என்று மட்டும் சொல்லும். ஜோர்ஜ் நான்கு சைக்கிளில் ஏறியவன். நான்கிலிருந்தும் ஜோர்ஜாகவே இறங்கினான். ஐந்தாவதிலும் இதோ, கேற்றடியில் ஜோர்ஜாகத்தான் நிற்கிறான்.

'சொந்தக்காரன் வந்தால் வரட்டும்' என்று ஐரிஸ் விட்டுவிடுவாள், இரண்டு மாதத்தில் எல்லாரும் மறந்துபோவார்கள் என்பது அவன் கணக்கு.

"பாவம், அந்த மனுசன் என்ன பதறுதோ!" என்று சொல்லி ஐரிஸ் போனை எடுத்தாள்.

"ஆருக்கு எடுக்கிறீர்?"

"பொன்னம்பலத்துக்கு."

"இண்டைக்குத்தான் தகப்பனை எரிச்சிட்டு வந்து இருக்கிறான். அவனை ஏன் கரைச்சல்படுத்துறீர்?"

"உந்தச் சைக்கிள்காரனும் இண்டைக்கு நித்திரை கொள்ளமாட்டான் தானே?"

பொன்னம்பலம் நல்லவன். துக்கத்தோடு துக்கமாக, எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தான். ஒருவரும் உரிமை கோரவில்லை.

ஜோர்ஜுக்கு மூச்சு வந்தது. "வெளிநாட்டிலை இருந்து ஆரும் வந்த ஆளாயிருக்கும்," என்றான். "கனடாவுக்குத் திரும்பியிருப்பார்."

"உங்கடை சைக்கிளையும் கொண்டே பிளேன் ஏறினவர் அத்தான்?"

ஜெயந்தினியின் வாயை மூட வேண்டியிருந்தது. ஐரிஸின் மனத்தையும் ஆற்ற வேண்டியிருந்தது. நீர்வேலிச் செத்தவீட்டுக்குத் தங்கள் சபையில் இருந்து வேறு ஒருவரும் போகவில்லை என்பது ஜோர்ஜுக்குத் தெரியும். "அப்ப ஒண்டு செய்வம்," என்றான். "சேர்ச்சிலை அறிவிப்பம். அதுக்கும் ஒருத்தரும் வராட்டி எங்கடை கடமை முடிஞ்சுது."

ஐரிஸ் அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்கு உடம்பு கூசியது. அவ்வளவு மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தேவாலய வளவு வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். போதகர் அறிவித்தார். அறிவித்ததோடு விட்டிருக்கலாம். "இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிதன்" என்று பிரசங்கத்திலும் இழுத்தார். ஆராதனை முடிய வந்து, அடுத்த மாதம் ஆண்கள் ஐக்கியத்தில் அரைமணி நேரம் பேசும்படி கேட்டார். தலைப்பு, 'பிறர் உடைமை.'

இரண்டு நாள் ஜோர்ஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் உபவாசம் இருக்கிறான் என்று ஐரிஸ் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒருவர் கேற்றைத் தட்டினார். அறுபது வயதிருக்கும். மெலிந்த ஆள். சேர்ட்டின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார்.

"சந்தியோகு எண்டு பேர். நீர்வேலியிலை என்ரை சைக்கிள் மாறினது. இஞ்சை நிக்குதாம் எண்டு சொல்லிச்சினம்."

உலகத்தில் ஜோர்ஜ் ஒருவனுக்குத்தான் அந்த ஆள் பொய் சொல்கிறார் என்று தெரியும். அதை மட்டும் சொல்லமுடியாது.

"என்ன நிறம்?" என்றான்.

"கரும்பச்சை."

"அது உதிலை நிண்டு பாக்கவே தெரியுது. வேறை?"

"சீற்றுக்குக் கீழை இடப்பக்க ஸ்பிரிங்கிலை செப்புக்கம்பி சுத்திக் கிடக்கும்."

ஜெயந்தினி குனிந்து பார்த்தாள். "ஓம், கிடக்கு."

"பின் ரயர் தேஞ்சு போனது. மாத்தவேணும் எண்டு இருந்தனான்," என்றார் சந்தியோகு.

"அது புது ரயர்!" ஜோர்ஜ் துள்ளினான். "வெள்ளிக்கிழமைதான் போட்டது!"

குனிந்திருந்த ஜெயந்தினி நிமிர்ந்தாள்.

"எந்த வெள்ளிக்கிழமை அத்தான்?" ஜெயந்தினி மெதுவாகக் கேட்டாள். "செத்தவீட்டிலை ரயரும் மாத்திக் குடுத்தவையோ?"

"பாத்தால் தெரியாதே? சேறே படேல்லை."

சந்தியோகுதான் காப்பாற்றினார். "ஓம் ஓம், ரயர் புதுசுதான். மகன் போட்டவன். வயசு போட்டுது, மறந்துபோனன்."

ஜோர்ஜ் கடைசி ஆயுதத்தை எடுத்தான். "அப்ப என்ரை சைக்கிள் எங்கை? நீங்கள்தானே மாறி எடுத்துக்கொண்டு போனது? அதைத் தந்திட்டு இதைக் கொண்டுபோங்கோ."

"நான் ஒண்டும் எடுக்கேல்லை. நான் வெளியிலை வரேக்கை ஒரு சைக்கிளும் நிக்கேல்லை. இருபாலைச் சந்திவரைக்கும் நடந்துபோய்த்தான் பஸ் எடுத்தனான்."

ஐரிஸின் கண் கலங்கிவிட்டது. ஜோர்ஜ் அவளைக் குசினிக்குள் கூப்பிட்டான்.

"உவர் பொய் சொல்லுறார், ஐரிஸ்."

"என்னெண்டு சொல்லுறியள்?"

ஒரு வசனம் போதும். 'நான் அதை வாங்கினனான்.' அவ்வளவுதான். சைக்கிள் நிற்கும். அவன் வாயைத் திறந்தான்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் ஐரிஸ். "நானும் உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நீங்கள் உதோடை வரேக்கை, வாங்கிப்போட்டு ஒளிக்கிறியள் எண்டுதான் முதல் நினைச்சனான். அப்பாவை மாதிரித்தான் நீங்களும் எண்டு. சேர்ச்சிலை அறிவிப்பம் எண்டு நீங்களே சொன்னவுடனை எனக்கு வெக்கமாப் போச்சு. இரவு முழங்காலிலை நிண்டு மன்னிப்புக் கேட்டனான்."

ஜோர்ஜ் வாயை மூடினான். அந்த நேரத்தில் சைக்கிள் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் இவள் முழங்காலில் நின்றிருக்கிறாள். அவள் எழும்பிய இடத்தில் இப்போது அவன் போய் விழ வேண்டும். அதற்கு அவனிடம் தைரியம் இல்லை. இத்தனை நாளும் அவன் செய்ததெல்லாம் தைரியம் இல்லாததால் செய்ததுதான்.

"குடுத்துவிடுவம்," என்றான்.

ஐரிஸ் சந்தியோகுவுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பையில் போட்டு ஹாண்டிலில் கொழுவிவிட்டாள். ஜெயந்தினிகூட "கவனமாப் போங்கோ" என்றாள். ஜோர்ஜ் தானே சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றுக்கு வெளியே வந்தான். ஹாண்டிலை விட அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நீங்கள் நீர்வேலிக்கு வரவேயில்லை எண்டு எனக்குத் தெரியும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

சந்தியோகு கோபிக்கவில்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "கொலின்ஸ் நேர்மையான மனுசிமார் இருக்கிற வீடாப் பாத்துத்தான் இந்தச் சைக்கிளை விக்கிறவன், தம்பி. வாங்குற எல்லாரும் செத்தவீட்டிலை மாறினது எண்டுதான் போய்ச் சொல்லுறவை. நான் வந்து அவனிட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போறது இது ஏழாந்தரம்."

ஜோர்ஜ் உள்ளே வந்தான். ஐரிஸ் அவனுக்குப் பின்னால் கேற்றைச் சாத்தி, பூட்டைக் கொழுவி, திறப்பைப் போட்டுத் திருப்பிப் பூட்டினாள்.