பல் டாக்டர் எடுத்த புத்தகம்

"நான் பல் டாக்டர் மேடம்! நான் எதுக்கு ‘பல் வலிக்கு வீட்டு வைத்தியம்’ எடுக்கணும்?"

‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு டாக்டர் கத்தினார். நூலகர் அம்மாள் கொஞ்சமும் அசரவில்லை.

"உங்க பேரை நாங்க போடவே இல்லையே டாக்டர். ‘ஒரு பல் மருத்துவர்’னுதானே போட்டிருக்கோம்?"

"இந்த ஊர்ல இருக்கறதே ஒரு பல் மருத்துவர்தான் மேடம்!"

இது அம்மாளுக்குத் தோன்றவே இல்லை. யார் என்ன படிக்கிறார்கள் என்பதைப் பெயரை மட்டும் நீக்கிவிட்டு இணையத்தில் போட்டது அவருடைய யோசனை. மக்கள் வரியில் நடக்கிற நூலகம், அதன் விவரம் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டாமா? மேலிடமே மெச்சி, வெள்ளிக்கிழமை இயக்குநர் நேரில் வந்து கேடயம் தரப் போகிறார். அம்மாளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"நான் எடுக்கவே இல்லை. வர்ற பேஷண்டெல்லாம், ‘உப்புத் தண்ணியில கொப்பளிச்சா போதுமா டாக்டர்’னு கிண்டல் பண்றாங்க."

"டேட்டா பொய் சொல்லாது டாக்டர்" என்றார் அம்மாள், கனிவாக.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. தொழிலை எடுத்துவிட்டுத் தெருவைப் போடச் சொன்னார். உதவியாளர் உடனே மாற்றினார். புத்தகம் அடுக்குவது, உறுப்பினர் அட்டையில் பதிவது, இணையத்தில் ஏற்றுவது எல்லாமே அவர்தான். எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுச் செய்கிற மனிதர்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். அவர் தெருவில் அவர் வீட்டைத் தவிர மற்றதெல்லாம் கிடங்குகள்.

"நான் ‘பயத்தை வெல்வது எப்படி’ எடுத்தேனாமே? காலையில ஒரு பிக்பாக்கெட்டைப் பிடிச்சேன் மேடம். ‘பயப்படாதீங்க சார், நானே ஜீப்புல ஏறிக்கறேன்’கறான்!"

"எடுத்தீங்களா, இல்லையா சார்?"

"இல்லவே இல்லை!"

"டாக்டரும் அப்படித்தான் சொன்னார்."

தெருவும் போயிற்று. எத்தனை காலமாக உறுப்பினர் என்பதை மட்டும் போடுவோம், அதை வைத்து யாரைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று நினைத்தார் அம்மாள்.

கண்டுபிடித்துவிட்டார்கள். நூலகத்தின் முதல் உறுப்பினர் யார் என்பது ஊரறிந்த விஷயம். புத்தகம் எடுக்கும் சாக்கில் வந்து வந்து, கடைசியில் நூலகரையே கல்யாணம் செய்துகொண்ட தையல்காரர்தான். அவர் பேரில் போயிருந்த புத்தகம், ‘மேலதிகாரியைச் சமாளிப்பது எப்படி’.

சொந்தக் கடையில் தன்னந்தனியாகத் தைக்கிறவருக்கு ஏது மேலதிகாரி? ஊர் ஒரு நிமிஷம் யோசித்தது. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தது.

"ஏங்க, நான் உங்களை அந்தப் பாடா படுத்தறேன்?" வீட்டுக்கு வந்ததும் அம்மாளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"சத்தியமா நான் எடுக்கலைம்மா. பட்டன் கட்டவே நேரமில்லை, புத்தகம் எங்கே படிக்கறது?"

"டேட்டா பொய் சொல்லாதுங்க." இந்த முறை அதில் பழைய கனிவு இல்லை. டாக்டருக்கும் இப்படித்தானே வலித்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் உதவியாளர் மெதுவாக வந்தார். "மொத்தத்தையும் அழிச்சிடட்டுமா மேடம்?"

அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊர்க்காரங்க கதையைத் திறந்து போட்டுட்டு, என் வீட்டுக் கதைன்னதும் மூடறதா? விழா முடியற வரைக்கும் இருக்கட்டும். அதுக்கப்புறம் நானே முடிவைச் சொல்றேன்."

விழாவில் ஊரே கூடியிருந்தது. இயக்குநர் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "ரெண்டு மூணு பேர் ‘நாங்க எடுக்கலை’ன்னு சொல்றதா காதுல விழுந்துச்சு. தகவல் தப்புன்னா இதை நான் திரும்ப எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

முன்வரிசையில் தையல்காரர் எழுந்தார்.

"என் விஷயம் உண்மைதான் சார். நான்தான் எடுத்தேன். எங்க மேலதிகாரி தங்கமானவங்க, அவங்களைச் சமாளிக்கப் புத்தகமெல்லாம் தேவையே இல்லைன்னு முதல் பக்கத்துலயே மூடி வெச்சுட்டேன்."

டாக்டர் அம்மாளைப் பார்த்தார், கேடயத்தைப் பார்த்தார், எழுந்துவிட்டார். "எனக்கும் பல்லுதான் சார் இருக்கு. வலிக்காதா? நானும் எடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் விறைப்பாக நின்றார். "எனக்கும் பயம் உண்டு சார்!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. இப்படி ஒரு புருஷன், இப்படி ஓர் ஊர் யாருக்கு வாய்க்கும் என்று அம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேடயத்தை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "நூலகத்துக் கணக்கு எப்பவும் திறந்திருக்கும். ஆனா யார் என்ன படிக்கறாங்கங்கறது இனிமே அவங்க சம்மதம் இல்லாம வெளியே போகாது. இது என் வாக்கு!"

மறுபடியும் கைதட்டல். கேடயத்தை வாங்கி மேஜைமேல் வைத்த உதவியாளர் அம்மாளின் காதருகே குனிந்தார்.

"அப்போ இனிமே தைரியமா என் அட்டையிலேயே எடுத்துக்கறேன் மேடம். ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடுமேன்னுதான் அந்த மூணு புத்தகத்தையும் அவங்கவங்க அட்டையில பதிஞ்சு நான் எடுத்துட்டுப் போனேன். பல் வலி நின்னுடுச்சு, பயமும் கொஞ்சம் போயிடுச்சு. உங்களைச் சமாளிக்கற புத்தகத்துல மட்டும் கடைசி அத்தியாயம் பாக்கி, ஒரு வாரம் தவணை நீட்டித் தருவீங்களா?"