பதிமூணும் ஓகே

வடை சுட்டவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். வடையை அளந்து பார்த்து, "இது பெயிலு" என்று ஒதுக்கியவர் ஒருவர்தான். அவரோடு ஒன்பது வருடம் ஒரே பிளாக்கில் குடியிருந்திருக்கிறேன். அந்தக் கொடுமை போதாதென்று அவருக்கே வடையும் சுட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸ். எண்பதுகளின் பின்பாதி. என் கணவர் லேத்தில் வேலை பார்த்தார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து கைக்குழந்தையும் ஒரு தகரப் பெட்டியுமாக நான் வந்து இறங்கியபோது, கீழ்வீட்டு வாசலில் நின்றிருந்தவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, அதன் மூலையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"கீலு லூசா கீது தங்கச்சி. ரெண்டு படி ஏறுனா கயண்டுக்கும்" என்றார்.

கீல் ஆறாவது படியில்தான் கழன்றது. அதற்காக நான் அவரை மன்னிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. மற்றவர்கள் செய்து அனுப்பும் பாகங்களை அளந்து, சரியாக இருந்தால் சாக்பீஸால் ஒரு டிக், தப்பாக இருந்தால் ஒரு பெருக்கல் குறி போடுவது அவர் வேலை. சைரன் ஊதி வேலை முடிந்தாலும் அந்தச் சாக்பீஸ் சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் பிளாக்கில் குறி வாங்காத கதவோ, வாளியோ, மாடிப்படியோ கிடையாது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. எங்களுக்கு அவர் சாக்பீஸ்தான். நேரில் மட்டும் அண்ணே.

இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாக்கே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குக் கிளம்பும். செலவில்லாத சந்தோஷம். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தலைக்கு ஒரு வடை. இதற்கும் தலைவர் சாக்பீஸ்தான். யாரும் அவரைத் தேர்ந்தெடுத்ததாக எனக்கு நினைவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே வீடு வீடாக வந்து உத்தரவு போடுவார்.

"தங்கச்சி, நாளிக்கு நீ புளிசாதம். முந்திரிகிந்திரி போட்டு ஸ்டைல் காட்டாத. கொயந்தைங்க துன்றது, கல்யாண வூடு இல்ல."

மறுநாள் காலை பொட்டலங்களுக்குச் சோதனை. வாழையிலையில் வைத்து, பேப்பரில் மடித்து, நூல் சுற்றிய பொட்டலத்தைத் தலைகீழாகப் பிடித்து மூன்று குலுக்கு குலுக்குவார். பேப்பரில் எண்ணெய் தெரிந்தால் பெருக்கல் குறி. பிரித்து மறுபடி கட்ட வேண்டும். தயிர்சாதத்தைத் திறந்து மோந்து பார்த்து, "எத்தினி மணிக்குத் தயிரு ஊத்துன? மத்தியானம் புளிச்சா பசங்க மூஞ்சியச் சுளிக்கும்" என்று குறுக்கு விசாரணை செய்வார். நீதிமன்றத்தில்கூட அப்படி நின்றிருக்க மாட்டோம்.

வடைக்கென்று ஒரு வளையமே வைத்திருந்தார். தகரத்தை வெட்டி அவரே செய்தது. வடை அதற்குள் நுழைய வேண்டும், ஆனால் லொடலொடவென்று ஆடக்கூடாது. கேட்டால் நியாயம் வைத்திருப்பார்: "ஒருத்தனுக்குப் பெருசு, ஒருத்தனுக்குச் சின்னதுன்னா ஏரிக்கரைல அடிதடி ஆயிடும்." பெயிலான வடையை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாதே. அங்கேயே, எங்கள் கண்ணெதிரிலேயே, அவரே தின்று தீர்ப்பார். இதைக் கண்டுபிடித்த பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் வேண்டுமென்றே இரண்டு வடையைப் பெரிதாகத் தட்டிப் போட ஆரம்பித்தோம். "இன்னிக்கு இன்னா இத்தினி ரிஜெக்ட்டு" என்று அலுத்துக்கொண்டே சாப்பிடுவார். அவருக்குத் தெரிந்துதான் சாப்பிட்டாரா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

வடை முடிந்தால் பிள்ளைகள். வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் சட்டைமேல் சாக்பீஸால் நம்பர். வெள்ளைச் சட்டையென்றால் நீல சாக்பீஸ். என் மகன் பாபு ஏழாம் நம்பர். ஒரு தடவை அவன் பிறந்தநாள் சட்டையில் நம்பர் போட வந்தபோது நான் சண்டைக்கே போய்விட்டேன்.

"அண்ணே, இது என்ன பிள்ளையா, பீரங்கியா?"

"பீரங்கி தொலைஞ்சா வேற செஞ்சிக்கலாம் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே ஏழைப் போட்டு முடித்துவிட்டார்.

ரயில் ஏறும்போது, இறங்கும்போது, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனபோது பூந்தமல்லியில் பஸ்ஸையே நிறுத்திவைத்துவிட்டார். படிக்கட்டில் குறுக்கே நின்றுகொண்டு எண்ணினால் கண்டக்டர் சும்மா இருப்பாரா?

"இன்னா நைனா, பஸ்ஸு உங்க வூட்டு பஸ்ஸா? ஏறுனா ஏறு, இல்ல வயிய வுடு!"

"இரு அண்ணாத்தே, ஒம்போதுல நிக்குது. மறந்துட்டேன்னா மொதல்லேந்து வரணும்."

மறந்துதான் போனார். மொதலிலிருந்துதான் வந்தார். அன்றைக்குப் பயணிகள் பேசிய பேச்சை எழுதினால் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

எங்கள் பிள்ளைகள் பதிமூன்று பேருக்கும் நம்பர் உண்டு. பதினாலாவதாக அவருடைய பெண் மஞ்சு, ஐந்து வயது. அவளுக்கு மட்டும் கிடையாது. ஒருநாள் காரணம் கேட்டேன்.

"செஞ்சவனே பாஸ் போடக் கூடாது. எங்க டிபார்ட்மென்ட்ல அதான் மொத ரூலு. சொந்த சரக்க நாமளே பாத்தா கண்ணு சரியாச் சொல்லாது."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி அமுதா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரும் புருஷனைப் போலவே ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டுக்காரர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தலுக்கே டிக் போட்ட மனிதரோடு வாழ்ந்தவர் என்பதால் எதற்கும் அசரமாட்டார். "என் கொயந்தைய நான் பாத்துக்கறேன். நீ உன் லாட்டு பதிமூணையும் பாரு" என்றார்.

அந்த ரூல்தான் ஒருநாள் எங்களை ஓட வைத்தது.

திருநின்றவூர் ஏரி. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருந்தது. என் கணவருக்கு அன்று ஓவர்டைம், நானும் பாபுவும் மட்டும் போயிருந்தோம். போகும்போது மஞ்சு அப்பாவின் தோளில் சவாரி. கரையில் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிட்டோம். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடின. மஞ்சு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்குட்டிகளின் பின்னாலேயே திரிந்தாள். நாலு மணிக்கு சாக்பீஸ் கைதட்டினார். வரிசை நின்றது. எண்ணினார்.

"மாமா, மஞ்சு..." என்று ஆரம்பித்தான் பாபு.

"லைன்ல பேசாத, ஏயு!"

"இல்ல மாமா, மஞ்சு வந்து..."

"டேய், மாமா எண்ணும்போது வாயை மூடிக்கிட்டு நில்லுடா" என்று அதட்டியது நான்தான். எங்கே மறுபடி மொதலிலிருந்து வந்துவிடுவாரோ, ரயில் போய்விடுமோ என்ற பயம்.

"பதிமூணும் ஓகே!" என்றார். நடந்தோம். பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அமுதா அக்காவும் இரண்டு பெண்களும் முன்னால் போய்விட்டார்கள். ரயிலில் நாங்கள் லேடீஸ் பெட்டியில் ஏறினோம். அவர் தன் பதிமூன்று பேரோடு பக்கத்துப் பெட்டியில். ஆவடி பிளாட்பாரத்தில் இறங்கியதும் மறுபடி வரிசை, மறுபடி எண்ணிக்கை, மறுபடி பதிமூணும் ஓகே.

அமுதா அக்கா கையில் அடுக்குப் பாத்திரத்தோடு வந்தார். "மஞ்சு எங்க?"

"உன்கூட லேடீஸ்ல வர்ல?"

"உன் தோள்மேல இல்ல?"

பாபு அழ ஆரம்பித்தான். "அதத்தான் சொல்ல வந்தேன். அவ ஆட்டுக்குட்டி பாக்கப் போனா. நீங்க பேசாதன்னீங்க."

சாக்பீஸ் பதிமூன்று பிள்ளைகளையும் ஒருதரம் பார்த்தார். பிறகு தண்டவாளத்தைக் கடந்து எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடினார். நானும் அமுதா அக்காவும் பின்னால் ஓடினோம். மற்றப் பெண்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் போகும் ரயில் உடனே வந்து நின்றது. அதை என் குலதெய்வம்தான் அனுப்பியது என்று இன்றும் நம்புகிறேன்.

இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி. இந்த ஸ்டேஷன்களெல்லாம் இவ்வளவு தூரத்தில் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அமுதா அக்கா பாத்திரத்தைக் கீழேகூட வைக்காமல் உட்கார்ந்திருந்தார். சாக்பீஸ் கதவோரம் கம்பியைப் பிடித்து நின்றார். பட்டாபிராம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஏரில தண்ணி எம்மாம் இருந்துச்சி?"

"கொஞ்சம்தான் அண்ணே. முழங்கால்கூட இருக்காது" என்றேன்.

பச்சைப் பொய். ஏரிக்கரைப் படிக்கட்டு முழுவதும் மூழ்கியிருந்ததை நான் பார்த்திருந்தேன். அவரும் பார்த்திருந்தார். தலையை ஆட்டிவிட்டு வெளியே திரும்பிக்கொண்டார்.

திருநின்றவூரில் ரயில் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினார். ஒரு செருப்பு பிளாட்பாரத்தில் கிடந்தது. அதை நான் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது.

வேப்பமரத்தடியில் மஞ்சு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த ஊர்க்கார அம்மா ஒருவர், கையில் ஆடு ஓட்டும் கம்போடு. எங்களைப் பார்த்ததும் எழுந்து ஒரு பிடி பிடித்தார்.

"யோவ், நீதான் அப்பனா? ஒரு மணி நேரமா குந்திகினு கீது. ஸ்டேசனாண்ட இட்டுகினு போறேன் வா கண்ணுன்னா வரமாட்டேன்னுது. ஊட்டுக்கு வா, ஒரு வாய் கஞ்சி குடின்னேன், அதுக்கும் வர்ல. எங்கப்பா எண்ணுற எடம் இதான், அவரு வந்து எண்ணாம எயுந்துக்க மாட்டேன்னு ஒரே புடிவாதம். இன்னா புள்ளைய்யா பெத்து வச்சிகீற?"

அப்பாவைப் பார்த்ததும் மஞ்சு எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, நேராக நின்றாள். வரிசையில் அவள் ஒருத்திதான்.

"எண்ணுப்பா."

அவர் குனிந்து அவளைத் தூக்கப் போனார்.

"எண்ணுப்பா. எண்ணாம எப்டி வர்றது?"

"ஒண்ணு" என்றார். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அவளைக் கட்டிக்கொண்டு, ஏங்கி ஏங்கி அழுதார். ஓர் ஆட்டுக்குட்டி வந்து அவர் சட்டைப் பையை மோந்து பார்த்து, சாக்பீஸை வெளியே இழுத்து, கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. அமுதா அக்கா பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையைப் பிடுங்கினார், முத்தமிட்டார், முதுகில் ஓர் அடி வைத்தார், மறுபடி முத்தமிட்டார். ஆட்டுக்கார அம்மா மட்டும்தான் நிதானமாக இருந்தார். "அயாத நைனா. அதான் கெடச்சிடுச்சில்ல. எயுந்துரு" என்றார்.

திரும்பும்போது நாங்கள் நால்வரும் ஒரே பெட்டியில் வந்தோம். மஞ்சு அப்பா மடியில் தூங்கிப்போனாள். ரயில் கிளம்பியதும் அவர் அவள் தலையில் கை வைத்து, "ஒண்ணு" என்றார். நெமிலிச்சேரியில் கூட்டம் ஏறியது. "ஒண்ணு" என்றார். யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். "ஒண்ணு." எதிரே இருந்த பெரியவர் பொறுக்க முடியாமல், "இன்னா சார் ஒண்ணு ஒண்ணுன்னு சொல்லிகினே வர்ற?" என்று கேட்டார்.

"சரியா கீதான்னு பாத்துக்கறாரு" என்றார் அமுதா அக்கா. சொல்லிவிட்டு, அழுத கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

பட்டாபிராம் வந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

"முயங்கால் தண்ணின்னு சொன்னியே தங்கச்சி. பொய்யிதான?"

"ஆமாண்ணே."

"தெரியும். நா தெரிஞ்சே பாஸ் பண்ண மொத பொய்யி அதான். அது மட்டும் இல்லன்னா நடுவயிலயே குதிச்சிருப்பேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. ஊர் வழக்கத்துக்காக, வாய்க்கு வந்தபடி அந்த மனிதரை அதுவரை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அப்புறம் கூப்பிட்டது அப்படியில்லை.