சைக்கிளுக்குப் பத்துப் பல் பிடுங்கியவர்

வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு கண்ணாடியைப் பார்த்து நம்மவர் சபதம் செய்தார். மாடி அறை தனக்குத்தான். இனி விட்டுக்கொடுக்கும் பேச்சே இல்லை. தலைமுடியே போனாலும் சரி! போவதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

நம்மவருக்கு லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. ஊரையே மேலே ஏற்றிவிட்ட புண்ணியவான். ஆனால் தான் படியேறினால் நாலாவது படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போல் திரும்பிப் பார்ப்பார். தொப்பையைக் கரைக்க மலைச் சைக்கிள் வாங்கினார். தனக்கு மட்டும் வாங்கினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர், அதனால் மனைவிக்கும் அச்சு அசலாக அதே வண்டி.

மனைவி பல் டாக்டர். பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்வார். வீட்டுக்கு வந்தால் கணவர் வாயை மூடச் சொல்வார்.

சண்டை மாடியில் காலியாகக் கிடந்த அறைக்காக. அதைச் சைக்கிள் பட்டறை ஆக்கி, சுவர் முழுக்க ஸ்பானர் மாட்ட வேண்டும் என்பது நம்மவர் கனவு. டாக்டரம்மாவுக்கு ஒரு நாற்காலியும் ஒரு ஜன்னலும் போதும்.

“யாரும் என்னைப் பார்த்து ‘ஆ’ன்னு வாயைக் காட்டாத ஒரு இடம் வேணுங்க. அவ்வளவுதான்.”

“சரி, பந்தயம் வச்சுக்கலாம். மேட்டு உச்சியில இருக்கே தண்ணித் தொட்டி, அதுவரைக்கும் சைக்கிள். ஜெயிக்கிறவங்களுக்கு அறை.”

“எனக்கு மேடே ஏறாதே!”

“எனக்கு மட்டும் ஏறுதா? நியாயமான போட்டிதானே?”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார் டாக்டரம்மா.

நியாயமாவது! மறுநாள் மாலையே நம்மவர் சைக்கிள் கடையில் நின்றார். கடைக்காரர் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பெடல் பக்கம் இருந்த பல்சக்கரத்தைத் தட்டிக் காட்டினார்.

“முன்னாடி முப்பத்தாறு பல்லு சார். இங்க பல்லு குறையக் குறைய மிதி லேசாகும். மேட்டுல சுலபமா ஏறும்.”

“குறை!”

“முப்பது போடவா?”

“இன்னும் குறை!”

“இருபத்தெட்டு?”

“ஏன்யா, பல்லுக்குப் பல்லு பேரம் பேசறே? இருக்கறதுலயே சின்னது எது?”

“இருபத்தாறு. ஆனா ஒண்ணு சார். மேட்டுல ஏறும், சமதளத்துல காலுதான் பறக்கும், வண்டி பறக்காது. செயின்லயும் சில கண்ணிகளை எடுக்கணும்.”

“கண்ணியை எடு. நான் வேற ஒரு கண்ணி வைக்கப் போறேன்” என்று நம்மவர் சிரித்தார். “யார் கேட்டாலும் மூச்சு விடக் கூடாது. முக்கியமா டாக்டரம்மா கேட்டா!”

நம்மவர் தலையில் அடித்துச் சத்தியமே செய்தார் கடைக்காரர்.

வார நடுவில் டாக்டரம்மா பந்தயத்துக்குச் சம்மதித்தார்.

“ஆனா இறங்கும்போது வந்த வழியே வேண்டாங்க. செங்குத்தா இருக்கு, பயமா இருக்கு. அந்தப் பக்கமா இறங்கி ஏரிக்கரை ரோட்டுல சுத்தி வந்துடலாம். தொட்டியைத் தொட்டுட்டு, யார் முதல்ல நம்ம கேட்டுக்கு வர்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. சைக்கிளோட போகணும், சைக்கிளோட வரணும். சரிதானே?”

பாவம், பயப்படுகிறாளே என்று நம்மவருக்கு இரக்கமே வந்துவிட்டது. சரி என்று ஒரு முறைக்கு மூன்று முறை சொன்னார். பேச்சு மாறக் கூடாது என்று எதிர்வீட்டு ரிடையர்டு ரயில்வே கார்டை வேறு சாட்சியாகக் கூப்பிட்டார்.

ஞாயிறு காலை கார்டு பச்சைக் கொடியை அசைத்தார். தெரு முடிந்ததும் மேடு. நம்மவர் மிதித்தார். அடடா! இது மேடா, மெத்தையா? கால் பஞ்சாகச் சுழன்றது. நெஞ்சு அடைக்கவில்லை. முழங்கால் முனகவில்லை. முதல் வளைவில் திரும்பிப் பார்த்தால், டாக்டரம்மா வண்டியை விட்டு இறங்கியே விட்டார்! நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பானரை எந்தச் சுவரில் மாட்டுவது, கிழக்கிலா மேற்கிலா என்ற யோசனையில் சீட்டியடிக்கத் தொடங்கினார்.

பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

“என்னங்க, மழை வரும் போல இருக்கே. துணியை எடுத்து உள்ள போட்டீங்களா?”

டாக்டரம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். காய்கறி வாங்கப் போகிறவரைப் போல.

“நீ இறங்கிட்டே!”

“ஆமா.”

“இறங்கக் கூடாது!”

“யார் சொன்னா? சைக்கிளோட போகணும்னுதானே பேச்சு? இதோ, கூடவேதானே வருது!”

நம்மவர் வேகமாக மிதித்தார். கால் மின்விசிறி மாதிரி சுற்றியது. வண்டி மட்டும் அவசரமே இல்லாமல் ஊர்ந்தது. அவர் எவ்வளவு சுற்றினாலும் டாக்டரம்மாவின் செருப்பு பக்கத்திலேயே வந்தது.

“உங்க வண்டியில பல்லெல்லாம் கொஞ்சம் பொடிசா தெரியுதே?”

“அது... பால் பல்லு. புதுசுல அப்படித்தான் இருக்கும்.”

“ஓ!”

ஆனாலும் தொட்டியை முதலில் தொட்டவர் நம்மவர்தான். ஒரு முழ வித்தியாசம் என்றாலும் வெற்றி வெற்றிதானே! “பார்த்தியா!” என்று கத்திக்கொண்டே மறுபக்கச் சரிவில் பாய்ந்தார். காது இரண்டும் காற்றில் படபடத்தன. ஏரிக்கரை வரை அவர்தான் ராஜா.

ஏரிக்கரை ரோடு வந்தது. நாக்கை நீட்டிப் படுத்தது போல ஒரே சமதளம். பின்னால் ‘டக்’ என்று கியர் விழும் சத்தம். டாக்டரம்மா நிதானமாக, மாவாட்டுகிற மாதிரி ஒரு மிதி மிதித்தார். வண்டி நம்மவரைத் தாண்டிப் போய்விட்டது.

நம்மவரும் கியரைத் தட்டினார். மாற்றுவதற்கு இனி கியர் இல்லை. காலை அடித்தார், அடித்தார், கண் இருட்டும் வரை அடித்தார். ஏரியில் இருந்த வாத்துகள் நீந்துவதை நிறுத்திவிட்டு, இவன் நம்மைவிடக் கேவலமாக அடிக்கிறானே என்று பார்த்தன. டாக்டரம்மா முதலில் பம்பரம் அளவு ஆனார், பிறகு புள்ளி ஆனார், பிறகு காணாமலே போனார். “கொஞ்சம் வழி விடுங்க சார்” என்று ஒருவர் நம்மவரைத் தாண்டிப் போனார். அவர் நடைப்பயிற்சிக்கு வந்தவர்.

வீட்டு வாசலில் கார்டு சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீங்க தாமதம்னு எப்பவோ அறிவிச்சாச்சு சார். அம்மா மேல இருக்காங்க.”

மாடி அறையில், ஜன்னலோர நாற்காலியில், குளித்து முடித்த தலையோடு டாக்டரம்மா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“இரு, இரு” என்று நம்மவர் அறை வாசலிலேயே மூச்சு வாங்கினார். “ஏரிக்கரை வழி... சுத்தி வர்றது... இதெல்லாம் உனக்கு எப்படித் தோணிச்சு? அந்தக் கடைக்காரன் சொன்னானா?”

“செவ்வாய்க்கிழமை பல்வலின்னு க்ளினிக்குக்கு வந்தார்.”

“துரோகி! என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினான், வாயைத் திறக்க மாட்டேன்னு!”

“பாவம், அவரைத் திட்டாதீங்க. அவர் எங்க திறந்தார்? நான்தானே திறந்தேன்! உள்ள கண்ணாடியை விட்டுட்டு, ‘எங்க வீட்டுக்காரர் வண்டியில எத்தனை பல்லு பிடுங்கினீங்க’ன்னு கேட்டேன். பத்து விரலையும் விரிச்சுக் காட்டிட்டார்.”

இதற்குச் சூடாக ஒரு பதில் சொல்லியே தீர வேண்டும் என்று நம்மவர் வாயைத் திறந்தார்.

“அப்படியே வச்சிருங்க” என்றார் டாக்டரம்மா, காபியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்து. “கடைவாயில ஒண்ணைப் பிடுங்கணும்.”