ஏறுகிற வண்டிக்கு வழி

சேலம் ஜில்லாவிலேயே என்னை அதிகம் வெட்கப்பட வைத்த மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் டாப்கியர் என்று சொல்வேன். என் உறவிலும் ஆட்கள் உண்டு. கல்யாணப் பந்தியில் அப்பளம் வரவில்லை என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோன சித்தப்பா ஒருத்தர் இருக்கிறார். ஆனால் அவர் முகூர்த்த நாளில் மட்டும்தான் மானத்தை வாங்குவார். டாப்கியர் தினமும் வாங்கினார், ஞாயிற்றுக்கிழமை உட்பட.

எழுபதுகளின் கடைசியில் சூரமங்கலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் நான் கிளார்க். அவர் அங்கே மூத்த டிரைவர், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். அவருக்குச் சொந்தப் பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டாப்கியர் என்று பேர் வந்ததற்குக் காரணம், மனுஷர் ஓடுவார். லாரியைச் சொல்லவில்லை, காலால் ஓடுவதைச் சொல்கிறேன். விடிந்ததும் காக்கி அரை டிராயர், பனியன், கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு ஓமலூர் ரோட்டில் கிளம்பினால், வெயில் ஏறுகிறவரை ஓட்டம்தான்.

இப்போது டாக்டர்களே ஓடச் சொல்கிறார்கள். அப்போது ஐம்பத்தைந்து தாண்டிய ஆள் ரோட்டில் ஓடினால், ரயிலை விட்டுவிட்டார் என்றோ வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்றோதான் அர்த்தம். "ஏனுங்க, யாருக்கு என்னாச்சுங்க?" என்று பதறிப்போய் ரெண்டு பேர் கூடவே ஓடி வருவார்கள். "ஒண்ணுமில்லீங்க, சும்மாதானுங்க ஓடறேன்" என்று இவர் சொன்னதும் அவர்கள் திட்டுகிற திட்டு இருக்கிறதே, அப்பப்பா!

சும்மா ஓடினாலும் பரவாயில்லை. லாரி மாதிரியே ஓடுவார். கிளம்புவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு "ரேடியேட்டர் ரொம்பிருச்சு" என்பார். திரும்புவதென்றால் கையை நீட்டிச் சிக்னல். ஹாரன் வாயிலேயே. ஆயுத பூஜையன்று ஆபீஸ் வாசலில் லாரிகள் மாலை போட்டு வரிசையாக நிற்கும். கடைசியில் இவருடைய ஷூ ரெண்டும் சந்தனம் குங்குமத்தோடு நிற்கும். பூசாரி கற்பூரம் காட்டி முடித்ததும், லாரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரி டாப்கியர் ஷூவை மாட்டிக்கொண்டு அதற்கு அடியிலும் பழம் வைத்து நசுக்குவார். ஒரு வருஷம் பழம் வழுக்கிப் பூசாரி மேலேயே போய் விழுந்தார்.

என்னைப் பற்றி விசாரிக்க ராசிபுரத்திலிருந்து பெண்வீட்டார் வந்த நாளை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். பெண்ணின் தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பவ்வியமாக நின்றுகொண்டிருந்தேன். பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஓட்டத்தை முடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்த டாப்கியர், வாசலில் ஒரு வட்டமடித்து, "உர்ர்ர்" என்று ரிவர்ஸிலேயே உள்ளே வந்து, மாமன்காரர் மடியில் வண்டியை நிறுத்தினார்.

"அட சாமி, இங்க ஆளிருக்குதுங்களா!"

மாமன்காரர் நனைந்த வேட்டியை உதறிக்கொண்டு, "இவரு யாருங்க தம்பி?" என்றார்.

"தெரியலீங்க. பார்சல் போட வந்தவராட்ட இருக்குது."

டாப்கியர் என் தோளில் ஈரக் கையைப் போட்டார். "நம்ம தம்பி நெம்பத் தங்கமான பையனுங்க. என்ற பேச்சைத் தட்டவே மாட்டானுங்க."

அந்தச் சம்பந்தம் அடுத்த பஸ்ஸிலேயே ராசிபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கண் மட்டும் அவருக்கு நல்ல கூர்மை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் வருகிற டவுன் பஸ்ஸின் போர்டை எங்களுக்கெல்லாம் முன்னால் படித்துச் சொல்வார். அதே ஆள், பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர்களைக் கண்டுகொள்ளாமல் போவார். டாப்கியருக்குத் தலைக்கனம் என்று ஊரில் பேச்சு. ஒரு நாள் ரோட்டோரம் இருந்த கொய்யாப்பழக் கூடைக்குள் காலை விட்டுவிட்டு, "ஓட்டத்துல போறவன் ஓரத்தையெல்லாம் பாத்துக்கிட்டா இருப்பான்?" என்று கூடைக்கார அம்மாவிடமே சண்டைக்குப் போனார். அந்தப் பழங்களைப் பொறுக்கிக் கொடுத்தவன் நான்தான். வேறு யார்?

எங்கள் ஆபீஸில் கௌரவமான டிரிப் என்றால் ஏற்காடு. மேலே போய்க் காப்பிக்கொட்டை லோடு எடுத்துக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர வேண்டும். வருஷக்கணக்கில் அது டாப்கியருடைய டிரிப். ஒரு நாள் வளைவில் லாரியின் இடது பக்கம் தடுப்புச் சுவரில் உரசிவிட்டது. "பனிங்க, ஒண்ணுமே தெரியலீங்க" என்றார். சரி என்று விட்டார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் உரசியது. அன்றைக்குப் பனி இல்லை, பளீரென்று வெயில்.

முதலாளி, தன் அப்பாவுக்குப் பின் தொழிலுக்கு வந்த சின்ன வயசுக்காரர். மரியாதை தெரிந்தவர். "வயசாச்சுங்கண்ணா, மலை போதும். இனிமே நாமக்கல் லைன்ல ஓட்டுங்க, மேடு பள்ளமில்லாம நிம்மதியா இருக்கும்" என்று சொல்லி, மலை வண்டிச் சாவியை வேறொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டார்.

மனுஷர் குன்றிப்போனார். காப்பி லோடு வந்து நிற்கிற நாளில் ஆபீஸ் வாசல் வழியாக வர மாட்டார், குடோனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வருவார். என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார்: "எங்கூர்க்காரன் எவனாச்சும் வந்து, ஏப்பா, இப்ப மலைக்குப் போறதில்லையான்னு கேட்டா, நாக்கைப் புடுங்கிக்கலாமாட்ட இருக்குது தம்பி."

அப்புறம் ஒரு நாள் முதலாளி முன்னால் போய் நின்றார். "உடம்பு தளந்து போச்சுன்னுதானுங்க மலையைப் புடுங்கினீங்க? அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில இருந்து காட்டுத் தடத்துலயே ஏறி மேல வாரேன். நடந்து இல்லீங்க, ஓடி. வந்து சேந்துட்டா லோடு எனக்கு."

முதலாளி சிரித்தார். "வாங்கண்ணா பாக்கலாம். ஞாயித்துக்கிழமை நான் மேல காப்பி எஸ்டேட்லதான் இருப்பேன். ஓடித்தான் வந்தீங்கன்னு சொல்றதுக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க."

ஆபீஸே திரும்பி என்னைப் பார்த்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மலையடிவாரத்து டீக்கடை முன்னால், ஒரு ஊரே டம்ளரோடு நின்று பார்க்க, அவர் ஷூவுக்குக் கற்பூரம் காட்டினார். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பல்வலிக்காரன் மாதிரி நின்றேன். "ஏனுங்க தம்பி, பெரியவருக்கு எத்தனை நாளா இப்படி?" என்று ஒருத்தர் அக்கறையாக விசாரித்தார். வழக்கம் போல மண்டையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஹாரன் அடித்துக் கிளம்பினார் டாப்கியர். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். டீக்கடையே கைதட்டியது. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

தார் ரோட்டில் ஓடிப் பழகிய கால் தரையை விட்டு எழும்பாது, தேய்த்துக்கொண்டே போகும். காட்டுத் தடத்தில் அது நடக்குமா? வேருக்கு வேர் தடுக்கியது. சருகு வழுக்கியது. உருளைக்கல் உருண்டது. ஒவ்வொரு தடவை விழும்போதும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு "பஞ்சர்" என்பார். கொஞ்ச தூரத்தில் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். முழங்கால் ரெண்டிலும் ரத்தம்.

"அண்ணா, நடந்தே போயிரலாங்க. முதலாளிகிட்ட நான் ஓடி வந்தாருன்னே சொல்லிர்றேன்."

"பொய் சொல்லி வாங்குற லோடு எனக்கு எதுக்கு தம்பி? நகரு."

பாதி மலை ஏறியிருப்போம். தடம் ஒடுங்கி, இடது பக்கம் பள்ளமாக இறங்குகிற இடம். மேலேயிருந்து தலையில் விறகுக் கட்டோடு நாலைந்து பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். ஒருத்தர் ஒதுங்கினால்தான் ஒருத்தர் போக முடியும். டாப்கியர் தடத்தின் நடுவில் நின்று ஹாரன் அடித்தார்.

"வழி உடுங்கம்மா. மலைப் பாதையில ஏறுற வண்டிக்குத்தான் வழி. ரூலு தெரியுமில்ல?"

முன்னால் வந்த அம்மாள் அவருடைய டிராயரையும் முழங்காலையும் நிதானமாகப் பார்த்தாள். "வண்டியா? எங்க சாமி வண்டி?"

"நான்தாம்மா வண்டி."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு கட்டு சாய்ந்து விழப் பார்த்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "சரி சாமி, நீ வண்டியாவே இரு. காலி வண்டிதானே? நாங்க லோடோட வாரோம். கழுத்து ஒடியுது, சித்த ஒதுங்கு."

டாப்கியர் யோசித்தார். லோடு வண்டிக்காரன் கஷ்டம் அவருக்குத் தெரியாதா? "நாயந்தானுங்க" என்று சொல்லி, இடது கையை நீட்டிச் சிக்னல் காட்டி, இடது பக்கமாக ஒதுங்கினார். அங்கே தரை இல்லை.

சர்ரென்று சரிந்து, கீழே ஒரு புதரில் போய்ச் சிக்கிக்கொண்டார். பெண்கள் சட்டென்று கட்டுகளை இறக்கினார்கள். விறகு கட்டிய கயிற்றை அவிழ்த்து முடிச்சுப் போட்டுக் கீழே விட்டார்கள். "இடுப்புல கட்டிக்க சாமி, பயப்படாத" என்று அந்த அம்மாள் சொல்ல, எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்து விழுந்தவருக்குக் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"கட்டி இழுத்துட்டாங்களே தம்பி" என்றார். ஒரு லாரிக்காரனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. "என்ற சர்வீஸ்ல ஒரு நாளும் என்னைக் கட்டி இழுத்ததில்லையே."

பெண்கள் தண்ணீர் கொடுத்து, துணியைக் கிழித்துக் காலில் கட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். அவர் ரொம்ப நேரம் தான் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அங்க பள்ளம் இருக்குதுன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"அந்தப் பொம்பளைங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியுதுங்கண்ணா. பட்டப்பகல்."

தலையைத் திருப்பாமல் முன்னாலேயே பார்த்தபடி, "இப்ப நீ எந்தக் கையைத் தூக்கிருக்கற?" என்றார். நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். கையே தூக்கவில்லை, அதுகூட அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. கூடைக்குள் போன காலும், கும்பிட்டவர்களைக் கண்டுகொள்ளாமல் போனதும், சுவரில் உரசிய லாரியும் எனக்கு அப்போதுதான் ஒன்றாக விளங்கின.

கைத்தாங்கலாகக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போனதும் தடம் மலை ரோட்டில் போய்ச் சேர்ந்தது. அங்கே உட்கார்ந்திருந்தோம். எங்களைக் காணோமே என்று தேடிக்கொண்டு முதலாளி ஜீப்பில் இறங்கி வந்துவிட்டார். காலைப் பார்த்துப் பதறி, தன் கையாலேயே அவரைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். முதல் வளைவு திரும்பும்போதே டாப்கியருடைய நல்ல கால் தன்னால் தரையில் பிரேக் போட்டது. முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

"இந்த வயசுல இந்தக் காட்டுல பாதி மலை ஓடி ஏறிருக்கறீங்களே, எவனால முடியும்? நான்தானுங்கண்ணா தப்பா நெனச்சுட்டேன். கால் ஆறட்டும். மலை லோடு நீங்களே எடுத்துக்கங்க."

பின்சீட்டில் நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். சொல்வதா, விடுவதா? நான் சொன்னால் அந்த மனுஷனின் உயிரையே பிடுங்கின மாதிரி. சொல்லாவிட்டால் ஒரு லாரி, ஒரு வளைவு, எதிரில் ஒரு பஸ். வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"வேண்டாங்க சாமி" என்றார் டாப்கியர்.

"ஏனுங்கண்ணா, கோவமா?"

"கோவமில்லீங்க. எனக்கு ஓரம் தெரியலீங்க." குரல் உடைந்துவிட்டது. "மலை மட்டுமில்ல, நாமக்கல் லைனும் வேண்டாங்க. எத்தனை நாளா இப்படி ஓட்டினேன்னே எனக்குத் தெரியல. யாரையும் கொல்லாம உட்டது அந்தச் சாமி புண்ணியம்." கிழவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முதலாளி ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், நேர்ப் பார்வை இருக்கிறது, ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். முதலாளி குடோன் பொறுப்பைக் கொடுத்தார். கணுக்காலும் தேறியது. ஆனால் டாப்கியர் ஓடவில்லை. "கண்ணு தெரியாதவன் ரோட்டுல ஓடறான்னு சிரிக்க மாட்டாங்களா?" என்று மூட்டைகளுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டார். ஊரே சிரித்தபோதெல்லாம் கூசாத ஆள்! என் மானம் பிழைத்தது. நியாயமாகப் பார்த்தால் நான் கோயிலில் தேங்காய் உடைத்திருக்க வேண்டும். சோறு இறங்கவில்லை எனக்கு.

ஒரு நாள் விடிகாலை, அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வெளியே வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டித் தலைப்பாகையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வாங்கண்ணா. இடது பக்கம் நான் வாரேன். குழி, கூடை, ஆளு எல்லாம் சொல்லிக்கிட்டே வாரேன்."

அவர், "ஏந்தம்பி, என்ற கூட ஓடறதுக்கு உனக்கு வெக்கமா இல்லையா?" என்றார்.

"நெம்ப வெக்கமா இருக்குதுங்க. ஆள் நடமாட்டம் வாரதுக்குள்ள வெரசலா வாங்க."