ஒரு வாட்டமும் இல்லீங்க

கட்டட வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. பாதித் தப்பைப் பூச்சு மறைத்துவிடும், மீதியைப் பெயிண்ட் மறைத்துவிடும். நான் செய்த தப்பை மட்டும் எதுவும் மறைக்கவில்லை. அது கிரகப்பிரவேசத்தன்று, நல்ல நேரம் பார்த்து, நடுக்கூடத்துக்கே நடந்து வந்தது. (நடந்து என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. மிதந்து வந்தது.)

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ஓரிடத்தில் தங்காத கால். வேப்பூரில் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்த்தேன். ஒரு வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்து, விரலில் தோல் உரிந்ததும் விட்டேன். பிறகு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் சேர்ந்தேன். காய்ந்த பொம்மையைப் பலகையில் வைத்து, ஆடாமல் உட்காருகிறதா என்று பார்ப்பது என் வேலை. பிள்ளையார் ஆடினால் அடியைத் தேய்ப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

பட்டறையில் வேலை குறைந்தபோது சித்தாள் வேலைக்குப் போனேன். கொத்தனார் கல் வைப்பார், பூசுவார். சித்தாள் கலவையைப் பாண்டில் அள்ளித் தலையில் சுமந்துபோய் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் கொட்டுவாள். கொத்தனார் என்றால் ஆண், சித்தாள் என்றால் பெண். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, எழுதாமலேயே நடந்தது. என்னோடு வேலை பார்த்த அலமேலு அக்கா இருபது வருஷமாகப் பாண்டு தூக்குகிறவர். ஊரில் பாதி வீடு அவர் தலை வழியாகப் போனதுதான். கொத்தனார் பூசுகிற கரண்டியை மட்டும் அவர் கையில் எவரும் கொடுத்ததில்லை. சாயங்காலம் கழுவி வைப்பதற்குத் தவிர.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கட்டுகிற வீட்டில் எங்களுக்கு ஒதுங்க ஒரு மறைவு இருக்காது. ஆண்கள் சுவரோரம் போய்விடுவார்கள். நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிப்போம். மூன்று பாத்ரூம் உள்ள வீட்டைக் கட்டும்போதும் இதே கதைதான்.

நான் கவிழ்ந்த வீடு, அந்தப் பொம்மைப் பட்டறைக்காரருடையது. எல்லாம் முடிந்து கீழே ஒரே ஒரு பாத்ரூமுக்குத் தரை போடுவது பாக்கி. கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது டைல்ஸ் போடுகிற கொத்தனார் பைக்கிலிருந்து விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டார். மேஸ்திரி வேறு ஆளுக்கு போன் மேல் போன் போட்டார். முகூர்த்த மாசம், ஒருத்தரும் கிடைக்கவில்லை. அவருக்கே ஸ்ரீமுஷ்ணத்தில் சொந்தக்காரர் கல்யாணம்.

"நான் போடுறேன் மேஸ்திரி" என்றேன்.

"நீயா? பாத்ரூம் தரைய இன்னா கோலம்னு நெனச்சியா?"

"பிள்ளையாரையே ஆடாம உக்கார வெச்சவ. டைல்ஸ் எம்மாத்தரம்?"

வீட்டுக்காரம்மா அங்கேதான் நின்றிருந்தார். "கோகிலாவுக்குக் கண்ணு நேருங்க. பட்டறையில பாத்திருக்கேன். போடட்டும்" என்றார்.

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "சரி. இது நல்லா வந்துதுன்னா அடுத்த வூட்டுலேருந்து கரண்டி உன் கையில. சொதப்புன, ஆயுசுக்கும் பாண்டுதான். உனக்கு மட்டும் இல்ல, இனிமே எந்தப் பொம்பள வந்து கேட்டாலும் உன்னக் காட்டியே முடியாதுன்னுடுவேன்."

அலமேலு அக்கா என்னை ஓரமாக இழுத்துப்போய், "ஏ புள்ள, பாத்து. எனக்கும் சேத்துதான் போடற" என்றார்.

இரண்டு நாள் அந்தப் பாத்ரூமுக்குள் தவம் கிடந்தேன். ஒவ்வொரு டைலையும் வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பேன். மயிரிழை விலகினாலும் பெயர்த்து வைப்பேன். ஒரு வருஷமாகக் கொத்தனார்கள் "மட்டம் பாரு, மட்டம் பாரு" என்று கத்தியதைக் கேட்டுக் கேட்டு, கொத்து வேலை என்றாலே மட்டம்தான் என்று எனக்குள் பதிந்திருந்தது. தண்ணீர் போகிற ஓட்டைக்கு மேல் வைக்கும் சல்லடை மூடியைக்கூட, பளிச்சென்று தெரியட்டும் என்று அரை அங்குலம் உயர்த்தி வைத்தேன்.

முடிகிற நேரத்தில் மேஸ்திரி கல்யாண மண்டபத்திலிருந்து போன் செய்தார். பின்னால் மேளம் காதைக் கிழித்தது.

"கோகிலா! வாட்டம் இருக்குதா?"

இந்த மனிதருக்கு என் மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு மனசு நிறைந்துபோனது. இரண்டு நாள் குந்தியே வேலை பார்க்கிறேன் அல்லவா, களைத்துப்போயிருப்பேன் என்று கேட்கிறார்!

"ஒரு வாட்டமும் இல்லீங்க மேஸ்திரி! தெம்பாத்தான் இருக்கேன்!"

"என்னாது? கேக்கல! இருக்குதா?"

"இருக்கேங்க! நல்லா இருக்கேன்!"

"சரி சரி" என்று வைத்துவிட்டார்.

(கட்டட வேலையில் வாட்டம் என்றால் சரிவு. பாத்ரூம் தரை தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்துச் சரிந்திருக்க வேண்டும். இது மற்ற எல்லோருக்கும் தெரியும்.)

மறுநாள் மேஸ்திரி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கோடு கோடாகத் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. "பரவால்லியே" என்றார். இறுகட்டும் என்று கதவைச் சாத்தினோம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட யாரும் ஊற்றவில்லை.

கிரகப்பிரவேசம். காலையிலிருந்து ஐயரும் சொந்தக்காரர்களும் கீழ் பாத்ரூமில் கைகால் கழுவிக்கொண்டே இருந்தார்கள். வருகிறவரெல்லாம் அவசரத்தில் இருந்ததால் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கமே போகவில்லை. பூஜை முடிந்து வேலைக்காரர்களுக்கு மரியாதை செய்யக் கூப்பிட்டார்கள். கொத்தனார்கள் ஒரு வரிசை, சித்தாள்கள் ஒரு வரிசை. நான் போய்க் கொத்தனார் வரிசையில் நின்றேன். பின்னால் சிரிப்புக் கேட்டது. திரும்பவில்லை.

என் முறை வந்ததும் வீட்டுக்காரம்மா தாம்பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கோகிலா, கொத்தனாருக்கெல்லாம் வேட்டிதான் வாங்கி வெச்சேன். உனக்கு அந்தப் பக்கம் புடவை இருக்குது..."

"பரவால்லீங்க. வேட்டியே குடுங்க" என்றேன்.

வெற்றிலை பாக்கோடு கரை வேட்டியைக் கையில் வாங்கி நிற்கிறேன். அப்போது பாத்ரூம் பக்கமிருந்து வீட்டுக்காரம்மாவின் சம்பந்தியம்மா குரல் கேட்டது.

"யாரு இந்தத் தரையப் போட்டது? இவ்ளோ மட்டமா இருக்குது!"

என் வாழ்நாளில் அப்படி ஒரு பாராட்டைக் கேட்டதில்லை. மட்டம் என்பதற்குச் சமம் என்று ஒரு பொருள். கேவலம் என்று இன்னொன்று. சந்தோஷத்தில் எனக்கு முதல் பொருள்தான் கேட்டது. வேட்டியோடு நாலு எட்டு முன்னால் போய், சபை பார்க்க, "நான்தாங்க!" என்றேன்.

சம்பந்தியம்மா பட்டுப்புடவையை முட்டிவரை தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீர் வந்தது. வாசல்படியைத் தாண்டி, கூடத்துக் கோலத்தைக் கரைத்துக்கொண்டு, ஐயர் செருப்பு ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். நான் போட்ட தரையின் மேல், நாலு மூலையும் ஒரே ஆழத்தில், அசையாமல் நின்றது தண்ணீர். மட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கைக்கு அகப்பட்ட ஒரே துணி அந்த வேட்டிதான். மரியாதை செய்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, குனிந்து அதனாலேயே கூடத்தைத் துடைத்தேன்.

"வாட்டம் இருக்குதுன்னியே!" மேஸ்திரி பல்லைக் கடித்தார்.

"எனக்கு வாட்டம் இல்லன்னுதான் சொன்னேன்."

அலமேலு அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொத்தனார்களில் ஒருவர், "தெப்பம் உடலாம்பா" என்றார். மேஸ்திரிக்கு அது போதுமானதாக இருந்தது. "இதுக்குத்தான் பொம்பள கையில கரண்டி குடுக்கக் கூடாதுங்கறது. இன்னியோட முடிஞ்சுது" என்றார்.

தப்பு என்னுடையது, பேச என்ன இருக்கிறது? பேசியது அலமேலு அக்கா. சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"போன மாசம் உங்க மச்சான் கட்டுன மாடிப்படியில ஒரு படி ஒசரம், ஒரு படி பள்ளம். ஏறுனவங்க எல்லாம் நொண்டிக்கிட்டே எறங்குனாங்க. அன்னிக்கி ஆம்பள கையில கரண்டி குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களா? ஒடச்சிட்டுத் திரும்பக் கட்டுடான்னுதான சொன்னீங்க?"

இருபது வருஷத்தில் அவர் மேஸ்திரியை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் பிழிந்த வேட்டியோடு நிமிர்ந்தேன். "மேஸ்திரி, கொத்தனார் கல்லு வெக்கும்போது கூடவே நிப்பேன், பாத்திருக்கேன். பாத்ரூம்ல உள்ள ஒரு ஆளு குந்தத்தான் எடம். கலவைய வாசப்படியிலேயே வாங்கிக்கிட்டுப் போன்னுடுவாங்க. உள்ள என்னா நடக்குதுன்னு நான் எங்க பாத்தேன்?"

வீட்டுக்காரம்மாதான் முடித்தார். "யாரு போட்டாங்களோ அவங்களே ஒடச்சிப் போடட்டும். விருந்தாளிங்க போவட்டும். ஆனா மேஸ்திரி, இந்தத் தடவ நீங்க வாசல்ல நிக்காதீங்க, உள்ள நின்னு சொல்லுங்க."

அப்படியே நடந்தது. இரண்டு நாள் தவத்தை அரை நாளில் உடைத்தேன். மேஸ்திரி உள்ளே நின்றார், முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டே சொன்னார். ஓட்டையிலிருந்து நூல் பிடித்து, சுவரோரம் ஏற்றி, ஓட்டைப் பக்கம் இறக்கி. அலமேலு அக்கா வாசல்படியில் நிற்கவில்லை. என்னை நெருக்கிக்கொண்டு உள்ளேயே குந்தி, மூன்று டைல் அவர் கையால் வைத்தார். இறுகியபின் மேஸ்திரி ஒரு சொம்புத் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றினார். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு நெளிந்து நெளிந்து போய் ஓட்டையில் விழுந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ம்" என்றார் மேஸ்திரி.

அடுத்த வீட்டில் கரண்டி என் கைக்கு வந்தது. அதற்கடுத்த வீட்டில் அலமேலு அக்காவுக்கு. இப்போது நாங்கள் இருவரும் பாத்ரூம் தரைக்கென்றே போகிறோம். வேலையிடத்தில் என் பெயர் தெப்பக்குளம். "தெப்பக்கொளம் வந்தாச்சா?" என்றுதான் போனில் கேட்பார்கள்.

அது கூடப் பரவாயில்லை. என் தங்கை வீட்டில்தான் தாங்க முடியாது. மழை பெய்து பஸ் ஸ்டாண்டு வாசலில் தண்ணீர் நின்றால், தங்கை மகள் போட்டோ எடுத்து அனுப்புவாள்: "பெரீம்மா, இது நீ போட்டதா?" தங்கை வீட்டுக்காரர் சாம்பார் தட்டில் ஓடினால் ஓரமாக அணை கட்டிவிட்டு, "ஒங்க அக்காவக் கூப்புடு, ஓடாம நிறுத்தித் தருவாங்க" என்பார்.

போன மாசம் எல்லோருமாக ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போனோம். குளத்துப் படியில் கால் நனைக்க நின்றபோது, அந்தக் குட்டி இடுப்பில் கைவைத்துக் குளத்தை ஒரு சுற்று பார்த்தாள். பிறகு சுற்றியிருந்த கூட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "பெரீம்மா, நீ மொதமொதல்ல போட்ட பாத்ரூம் இதானே?" என்றாள்.

நான் ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன்.

"இல்லடி. அதுல தண்ணி இன்னும் ஜாஸ்தி."