வானம் பார்த்த பேனர்

மறுபடியும் காசிநாதனின் முகத்தை ஹரிகிருஷ்ணன் மறைத்துவிட்டார்.

செங்கல்பட்டு வியாபாரிகள் சங்கத் தேர்தலுக்கு மெத்தைக்கடை காசிநாதன் எங்கே பேனர் கட்டினாலும், அதற்கு நேர் முன்னால் பாத்திரக்கடை ஹரிகிருஷ்ணனின் பேனர் முளைத்துவிடும். ரயில் நிலையத்துக்கு எதிரே காசிநாதனின் ஒற்றைக் காது மட்டும் வெளியே நீட்டி ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. போன தேர்தலில் தோற்றதே இதனால்தான் என்பது காசிநாதனின் வாதம். இந்தத் தடவையும் தோற்றால் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது.

பேனர் அச்சடிக்கும் ஆல்வின்தான் அந்தச் செய்தியைச் சொன்னான். "அண்ணாத்த, விண்வெளி நிலையத்துலேர்ந்து ஞாயித்துக்கெயம ஒரு விண்கலம் கெளம்புது. போறப்போ நிலையத்த போட்டோ புடிப்பாங்களாம். அப்போ கீழ நம்ம மாமல்லபுரம்! ஒலகம் பூரா பேப்பர்ல வரும்."

காசிநாதன் சிரித்த சிரிப்பில் கடையிலிருந்த பஞ்செல்லாம் பறந்தது. "மணல்ல விரிச்சி, வானத்தப் பாக்க ஒரு பேனர் போடுடா. அதுக்கு முன்னாடி எவன் கட்டுவான், பாக்கறேன்!"

"மூஞ்சி சின்னதா பூடுமே?"

"அப்போ பெருசா போடு!"

கொளவாய் ஏரியில் பாதி அளவுக்குப் போட்டார்கள். துண்டு துண்டாக லாரியில் வந்ததை மெத்தைத் தையல்காரர்கள் சேர்த்துத் தைத்ததில் வலது கண் தாடைக்கு இறங்கிவிட்டது. பிரித்துத் தைத்துக் கடற்கரையில் விரித்தால், காற்று பேனரோடு காசிநாதனையும் தூக்கிக்கொண்டு கோவளம்வரை போய்க் காட்டிவிட்டு வந்தது. சிற்பக்கூடத்துக் கல் யானைகளை வாடகைக்கு எடுத்து மூலைக்கு ஒன்றாக நிறுத்திய பிறகே அடங்கியது.

ஞாயிறு காலையில் வந்து பார்த்தால் முகமெல்லாம் நெத்திலி! மீன்காரச் சந்திரம்மா கருவாடு காயப்போட்டிருந்தாள்.

"இன்னாம்மா இது? அது என் மூஞ்சிம்மா!"

"மூஞ்சியா? யாரோ புண்ணியவான் தார்ப்பாய் விரிச்சி வுட்டுக்கீறான்னு இல்ல நெனச்சேன்!"

காசிநாதன் ஹரிகிருஷ்ணன் கதையை முழுதும் சொன்னார். மனமிளகிய சந்திரம்மா கண், மூக்கு, வாயெல்லாம் காலி செய்துகொடுத்தாள். "மீசைல மட்டும் கெடக்கட்டும் நைனா. கெத்தா கீது."

கெத்தாகத்தான் இருந்தது. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்துக் காக்கைகள் அத்தனையும் மீசையில் வந்து இறங்கின. விண்கலம் கடந்து போகும்வரை காசிநாதன் தம் மேலுதட்டின் மீதே இங்குமங்கும் ஓடிக் காக்கை விரட்டினார்.

கல் யானைகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டிருந்த அன்று படம் வெளியானது. ஆல்வின் செல்போனை நீட்டினான். நட்டநடுவில் பளபளவென்று விண்வெளி நிலையம். பின்னால் மேகமே இல்லாத கடற்கரை. வடக்கே கோவளம் தெரிந்தது. தெற்கே பாலாறு கடலில் கலக்கும் இடமும் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில், மாமல்லபுரம் இருக்கவேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு நிலையத்தின் சூரியத் தகடு ஒன்று நீளமாக, விறைப்பாக நின்றது.

காசிநாதன் அந்தத் தகட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். கருவாட்டுக் கூடையை இடுப்பில் இடுக்கியபடி சந்திரம்மா எட்டிப் பார்த்தாள்.

"அட நைனா! அந்தப் பாத்திரக்கடக்காரு அங்கயும் போயி பேனர் கட்டிட்டாரா?"