கையெழுத்து செல்லும் தேசம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
28-4-1928

சேசு மரி சூசை துணை.

திருச்சினாப்பள்ளி பாலக்கரையில் வாழ்ந்து வரும் ஞானாதிக்கம் அத்தான் அவர்களுக்கும் என் உடன்பிறந்த மகதலேனா அக்காளுக்கும், ஏழு நாள் கடலைத் தாண்டி வந்திருக்கிற மைத்துனன் சந்தியாகு தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகம். கப்பலில் வீங்கின கால் மட்டும் வீங்கினபடியே இருக்கிறது. அவ்விடம் தங்கள் சுகம், அக்காளின் இடுப்புவலி, என் மருமகள் சூசன், சிவப்புப் பசு ஆகிய எல்லாருடைய க்ஷேமத்துக்கும் ஒன்று விடாமல் எழுதவும். நிற்க.

அத்தான், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது தாங்கள் என் காதோடு சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. சூசனுக்குப் பார்த்திருக்கிற பையன் குடிக்கிறானா, அவன் கையில் பணம் புழங்குகிறதா, இந்த ரெண்டை மட்டும் பார்த்து எழுது, மூக்கு முழியெல்லாம் உன் அக்காள் போட்டோவிலேயே பார்த்துவிட்டாள் என்றீர்கள். இன்னொரு பக்கம் பெண் கேட்கிற புத்தூர் சம்பந்தக்காரர்கள் மே மாசம் வரைக்கும்தான் காத்திருப்பார்கள், அதற்குள் உன் கடுதாசி வரவேண்டும் என்றும் சொன்னீர்கள். தாய்மாமன் என்றால் சும்மாவா, சூசனுடைய ஆயுசு முழுக்க என் ஒரு கடுதாசியில் தொங்குகிறது என்ற பயத்தில், வந்து நாலு வாரமாகியும் நான் பேனாவைத் தொடவில்லை. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகு இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

முதலில் இந்த ஊர்ப் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்பலை விட்டு இறங்கின இடத்தில் முப்பது ரூபாயை மாற்றக் கொடுத்தேன். காசுமாற்றுகிறவர் அதை இரண்டு தடவை எண்ணிவிட்டு, பத்தொன்பது வெள்ளியை எண்ணி என் கையில் வைத்தார். முப்பது போய் பத்தொன்பது வந்தால் எவன் சும்மா இருப்பான்? நான் போட்ட சத்தத்தில் பின்னால் நின்ற நாலு பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒரு புண்ணியவான்தான், அண்ணே, இங்கே ஒரு வெள்ளி நம்ம ஊர் ஒன்றரை ரூபாய்க்கும் மேலே, உங்க பணம் குறையலே, கனத்துப்போச்சு என்று விளங்கச் சொன்னார். அது சரி என்று நடந்தால், சில்லறையில் கொஞ்சம் சதுரமாக இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன் அத்தான், சதுரம். நாலு மூலை. ராஜா தலையைப் போட்டு, நாலு பக்கமும் மூலை மழுக்கி அடித்திருக்கிறார்கள். கள்ளக்காசு என்று திருப்பிக் கொடுக்க ஓடினேன். அவர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ரெண்டு நாள் அந்தக் காசைப் போலீஸ்காரன் கண்ணில் படாமல் இடுப்பிலே முடிந்து வைத்திருந்தேன். பிறகு பார்த்தால் கோயிலில் சாமியாரே அதைத்தான் எண்ணுகிறார்.

இப்போது பையன் விஷயம். லியனார்ட் ஆறடி உயரம், குரல் தணிவு, ரயில்வே சரக்காபீசில் கிளார்க்கு. அவனும் அவன் தாயார் டோரிஸ் அம்மாளும் இங்கே ரயில்வே கோட்டர்ஸில் இருக்கிறார்கள். அந்த அம்மாள் ரயிலில் கார்டு வேலை பார்த்துக் காலமானவருடைய விதவை, நல்ல மனுஷி, மீன் குழம்பில் மட்டும் புளி காணாது. அவர்கள் வீட்டிலேயேதான் எனக்கும் ஜாகை. நான் முதல் வாரம் பூரா அவன் கையையே பார்த்தேன், அத்தான். காலையில் பார்த்தேன், சாயங்காலம் பார்த்தேன், சட்டையை ஆணியில் மாட்டினபிறகு பையைத் தடவியும் பார்த்தேன். அது தப்புதான், ஆனால் சூசனுக்காகச் செய்தேன். ஒரு கைக்குட்டை, ஒரு ஜெபமாலை, ஒரு பென்சில். வெள்ளி என்று ஒன்றுகூட இல்லை. சதுரக் காசுகூட இல்லை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. புத்தூர்க்காரர்களுக்கே முடித்துவிடுங்கள் என்று எழுத மசியைக்கூடத் தயார் பண்ணிவிட்டேன்.

அப்போதுதான் பாஸ்குத் திருநாள் வந்தது. உயிர்த்த ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் லியனார்ட், மாமாவைக் கடல் காற்றுக்கு ஒரு தீவுக்குக் கூட்டிப் போகிறேன், ரெண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்றான். அதுக்கு யார் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே என் பத்தொன்பதில் மிச்சமிருந்த பதினேழு வெள்ளியையும் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டேன். இனிமேல்தான் அதிசயம். கோலாலம்பூர் ஸ்டேஷனில் ஒரு சீட்டை நீட்டினான், டோரிஸ் அம்மாளோடு மூன்று பேரும் ஏறினோம். அது ரயில்வே பாஸ். அதைப்பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே கம்பெனியில் தந்தியடித்தவன், பாஸில்தான் வேளாங்கண்ணிக்கே போனவன். துறைமுகத்தில் இறங்கினோம். படகுக்காரர் மலாய்க்காரர். லியனார்ட் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அந்த மனுஷர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டி, எனக்குக் கைகொடுத்துப் படகில் ஏற்றிவிட்டார். காசு பேச்சே இல்லை.

தீவின் பேர் வாயில் நுழையவில்லை. வீடெல்லாம் தண்ணீருக்குமேல் மரக்கால்களில் நிற்கிறது, கீழே நண்டு ஓடுகிறது, எங்கே பார்த்தாலும் கருவாடு காய்கிறது. ஒரு ஓரமாகக் கொஞ்சம் மணலும் நாலு தென்னையும் ஒரு தங்கும் வீடும் உண்டு. படகிலேயே என் தொப்பியைக் காற்று அடித்துக்கொண்டு கடலில் போட்டுவிட்டது. கரையில் ஒரு சீனர் கடை. இங்கே சீன முதலாளியைத் தவுக்கே என்கிறார்கள். வழியில் உள்ள கிள்ளான் ஊர்க் கடைத்தெருவில் இருக்கிற பெரிய கடையும் அவருடையதேதானாம். லியனார்ட் முன்னே கிள்ளானில் வேலையாக இருந்தபோதிலிருந்து பழக்கம். தவுக்கே அவனைக் கண்டதும் எழுந்து நின்றார். லியனார்ட் எனக்கு ஒரு தொப்பி எடுத்தான், கையெழுத்துப் போட்டான். மூன்று ஆரஞ்சு சோடா வாங்கினான், கையெழுத்துப் போட்டான். நான் மோந்து பார்த்தேன், சோடாவேதான், குடிக்கிற பழக்கம் இல்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். நண்டு, அரிசி, தங்கின வாடகை எல்லாவற்றுக்கும் கையெழுத்து. தவுக்கே ஒவ்வொரு சீட்டையும் ரெண்டு கையாலும் வாங்கி ஒரு கம்பியில் குத்தி மாட்டுகிறார். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறவன்கூட அவ்வளவு பயபக்தியாகச் செய்யமாட்டான்.

நம் குடும்பத்தில் கையெழுத்து என்றாலே எனக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பா ஒரு புரோநோட்டில் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டார், ரெண்டு மா நன்செய் போயிற்று. நம் ஊரில் கையெழுத்துப் போட்டால் நிலம் போகிறது, இங்கே கையெழுத்துப் போட்டால் ஆரஞ்சு சோடா வருகிறது. இது எப்படி என்று மாப்பிள்ளையாக வரப்போகிறவனிடம் வாய்விட்டுக் கேட்டால் என் மரியாதை என்ன ஆவது? அதனால் சுற்றிவளைத்து, இந்தச் சீட்டு எல்லாருக்கும் உண்டா தம்பி என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டு, "எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க மாமா. கெவர்மெண்டு வேலைன்னாதான் நம்புவாங்க" என்றான். அத்தோடு எனக்கு விளங்கிவிட்டது. இதுவும் பாஸ்தான். நம் கம்பெனி ரயிலில் ஏறத்தான் பாஸ் கொடுத்தது, ஒரு டீத் தண்ணீருக்குக்கூடக் கொடுத்ததில்லை. இந்த மலாய் நாட்டு கெவர்மெண்டு வயிற்றுக்கும் தலைக்கும் சேர்த்துப் பாஸ் கொடுத்திருக்கிறது. கடைக்காரன் சீட்டைச் சேர்த்து சர்க்காருக்கு அனுப்புவான், சர்க்கார் அவனுக்குக் கொடுத்துவிடும். ரப்பரும் ஈயமும் விளைகிற சீமையில் இது என்ன பெரிய காரியம்? இப்படிப்பட்டவன் சட்டைப்பையில் வெள்ளியை எதற்குத் தேடுவது?

இன்னும் கேளுங்கள். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. லியனார்ட் தூண்டில் போடப் போயிருந்தான். நான் நனைந்துகொண்டு தவுக்கே கடைக்குள் ஒதுங்கினேன். ஒரு குடையைக் காட்டினேன். எடுத்துக் கொடுத்தார். துணி முடிச்சை அவிழ்க்கப் போனவன், எதற்கும் பார்ப்போமே என்று ஒரு சீட்டை இழுத்து, A. சந்தியாகு, ரிடையர்டு ஹெட் சிக்னலர், தென்னிந்திய ரயில்வே என்று இங்கிலீஷில் முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் ரெண்டு மா நன்செய் ஞாபகம் வந்தது, பொய் சொல்வானேன். தவுக்கே அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேற்று லியனார்ட் வாங்கித் தந்த தொப்பியைப் பார்த்தார். கம்பியில் குத்திவிட்டார். அத்தான், என் கையெழுத்து செல்லுகிறது. முப்பத்திரண்டு வருஷம் அதை நான் சம்பளப் புத்தகத்தில் வீணாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ரயில்வே எங்கே இருந்தாலும் ரயில்வேதான், ராஜாவும் ஒரே ராஜாதான் என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திரும்பும் வழியில் கிள்ளான் கடையிலும் பார்த்தேன், அங்கேயும் செல்லுகிறது. தங்களுக்கு ஒரு அலாரக் கடிகாரம், அக்காளுக்கு டின் பால் ஒரு டசன், சூசனுக்கு ரோஜாப்பூ வாசனை சோப்பு, பிஸ்கட்டு ரெண்டு டின், மங்குத் தட்டு ஆறு, இதெல்லாம் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. எனக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு.

பிறகு அந்தப் பதினேழு வெள்ளியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? செல்லாத ஊரில் சுமை. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில், அர்ச்சியசிஷ்ட அந்தோணியார் பீடத்து உண்டியலில், சூசன் கலியாணம் நல்லபடி நடக்கவேண்டும் என்று அத்தனையும் போட்டுவிட்டேன். முடிச்சுத் துணியையும் உதறிவிட்டேன்.

ஆகையால் என் தீர்ப்பைச் சொல்கிறேன். புத்தூர்க்காரர்களுக்கு இன்றைக்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அவன் ஐந்நூறு கேட்கிறான், இவன் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவேண்டிய அவசியம் இவனுக்கு இல்லை. நம் சூசன் இந்த ஊரில் அரிசிக்கும் துணிக்கும் ஆயுசுக்கும் ஒரு பென்சில் இருந்தால் போதும். நகையைக்கூடக் குறைத்துப் போடுங்கள், இங்கே வந்து எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

அக்காளின் இடுப்புக்குச் சூடான மணல் ஒத்தடம் கொடுக்கவும். சூசனுக்கு மாமனின் முத்தமும் ஆசீரும். மாதா உங்கள் வாசலை விட்டு விலகாமல் இருக்கவும், வருகிற ஆவணிக்குள் மேளச் சத்தம் கேட்கவும் மன்றாடும்,

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்
A. சந்தியாகு (கையெழுத்து)

பின்குறிப்பு. 30-ந் தேதி. அத்தான், மேலே இருப்பதை இதற்குள் அக்காளுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருப்பீர்கள். காட்டியிருந்தால் மன்னிக்கவும். புதுசாக எழுத வேறு தாள் இல்லை, வாங்க வழியும் இல்லை, ஏன் என்று சொல்கிறேன். இன்றைக்கு இங்கே சம்பள நாள். மாப்பிள்ளை சம்பளம் வாங்குவதையும் பார்த்து எழுதிவிடலாம் என்று புதுத் தொப்பி, புதுக் குடையோடு ஆபீஸ் கேட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே தையற்காரர், சோடாக்காரர், கிள்ளானிலிருந்து வந்த நம் தவுக்கே என்று ஒரு வரிசையே நிற்கிறது, ஆளுக்கொரு கம்பி நிறையச் சீட்டு. சர்க்காரிடம் பாஸைக் கொடுத்துப் பணம் வாங்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணி நான் தவுக்கேக்கு ஒரு வந்தனமும் போட்டேன். லியனார்ட் கவரோடு வெளியே வந்தான். வீட்டுச் செலவுக்கென்று தாயாருக்குள்ளதை முதலில் தனியாக எடுத்துவைத்தான். பிறகு வரிசையில் ஒவ்வொருவருக்காக எண்ணி எண்ணிக் கொடுத்தான். சர்க்கார் இல்லை அத்தான். அவன்தான் சர்க்கார்.

கடைசியில் தவுக்கே ஒரு சின்னக் கட்டைப் பிரித்தார். ஒன்பது சீட்டு. எல்லாம் என் கையெழுத்து, ஹெட் சிக்னலர் என்று கொட்டை எழுத்தில். பதினாலு வெள்ளி அறுபது காசு. இது யார் என்று தவுக்கே கேட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. லியனார்ட் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம மாமா கையெழுத்துதான். சேத்துக்கோ" என்றான். கொடுத்தான். கவரைக் கவிழ்த்தான். ஒரு வெள்ளியும் ஏழு சதுரக் காசும் விழுந்தது, அவனுக்கு அடுத்த மாசம் முழுக்க அதுதான். ரிக்ஷாக்காரன் வந்து நின்றான். "நடந்தே போயிடலாம் மாமா, காத்து நல்லா இருக்கு" என்றான். காற்றும் இல்லை ஒன்றும் இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. புதுக் குடையை விரித்து அவனுக்குப் பிடித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் மனசு கேட்காமல், ஏன் தம்பி சொல்லவில்லை என்றேன். பெண் வீட்டிலிருந்து பார்க்க வந்த மாமனிடம் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது என்று சொல்லி அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆகையால் மேலே எழுதின காரணம் எல்லாம் சுத்தத் தப்பு, அடித்துவிடுங்கள். அவன் கையில் பணம் புழங்கவில்லை, வருகிறது, வந்த நிமிஷமே போய்விடுகிறது. நகையைக் குறைக்கவேண்டாம், முடிந்தால் ஒரு சங்கிலி கூடப் போடுங்கள். ஆனால் தீர்ப்பு அதேதான். சூசனை அவனுக்கே கொடுங்கள். என் கையெழுத்து இந்த ஊரில் எதனால் செல்லுபடியாயிற்று என்று இப்போது எனக்குத் தெரியும்.

என் சீட்டுக்கு அவன் கட்டியதற்கு ஈடாக இருபத்துமூன்று ரூபாய் மணியார்டர் உடனே அனுப்பவும். உண்டியலில் போட்டதைத் திருப்பிக் கேட்கலாமா என்று சாமியாரிடம் போய், கேட்காமலே திரும்பிவிட்டேன். இந்தக் கடுதாசிக்குத் தபால் தலை ஒட்டவில்லை. தபாலாபீசில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். லியனார்டிடம் சொன்னால் அந்த ஏழு காசிலிருந்து எடுத்துக் கொடுப்பான், அதனால்தான் சொல்லவில்லை. பேரிங்கில் வரும், தபால்காரன் இரட்டைப் பணம் கேட்பான், பேசாமல் கொடுத்து வாங்கிக்கொள்ளவும்.